வளையல் போட்ட மோனாலிசா

உலகத்தில் மோனாலிசாவை நான்கு தடவை வாங்கி, நான்கு தடவையும் ஏமாந்த ஒரே தேயிலைக்காரர் எங்கள் ராகலையில்தான் இருந்தார். இதைப் பெருமையாகச் சொல்வதா, வருத்தத்தோடு சொல்வதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவரைப் பற்றிய எந்த விஷயமுமே எனக்கு முழுசாகப் பிடிபட்டதில்லை. ஆகவே குழப்பத்தோடேயே சொல்கிறேன், நீங்களும் அப்படியே படியுங்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஊருக்கு அவர் 'மூக்கு ஐயா'. ராகலை டவுனிலிருந்து மூன்று வளைவு தள்ளி இருந்த ஒரு தோட்டத்து ஸ்டோரில் டீ மேக்கர். ஸ்டோர் என்றால் மளிகைக் கடை அல்ல, மலைநாட்டில் தேயிலைத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். அரைத்த கொழுந்து பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வரும்போது ஒரு வாசனை எழும். அந்த வாசனை உச்சிக்கு ஏறும் நிமிஷத்தில் "அடுப்புக்குப் போடு" என்று சொல்ல வேண்டும். முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் வெறும் சாயத் தண்ணீர். அந்த நிமிஷத்தைச் சொல்வதுதான் ஐயாவின் வேலை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, ஸ்டோரில் கூட்டிப் பெருக்கி, அந்த மூக்கை மட்டும் வைத்து டீ மேக்கர் நாற்காலி வரை ஏறியவர் அவர்.

அந்த மூக்கைப் பற்றிய கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு தடவை தோட்டத்தில் கல்யாண விருந்து. பாயாச வாளி பந்திக்கு வரும்போதே பத்து முழ தூரத்தில் ஐயா கையை உயர்த்திவிட்டார்.

"எனக்கு வேணாம். பாலு காலையிலயே திரும்பிருச்சு."

"ஐயா, இப்பத்தாங்க காய்ச்சுனது!"

"காய்ச்சுனது இப்ப. கெட்டது காலையில."

பெண் வீட்டார் முகம் சுருங்கியது. மற்ற எல்லோரும் வீம்புக்காகவே இரண்டு கப் குடித்தார்கள். மறுநாள் விடிய வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மேனேஜர் துரையும் துரையின் நாயும் மட்டும் நின்றார்களாம்.

இன்னொரு நாள் நுவரெலியா பஸ்ஸில் ஏறியவர், ஏறிய காலோடு இறங்கிவிட்டார். பிரேக் கருகுகிறது என்றார். கண்டக்டர் சிரித்தான். இரண்டு வளைவு தாண்டி பஸ் ஒரு கரட் தோட்டத்துக்குள் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஐயா நடந்துவந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்து நடந்தார்.

இப்படிப்பட்ட மூக்கு ஒரு காய்ச்சலில் போய்விட்டது.

இது எனக்குத் தெரிந்த விதம் கொஞ்சம் அநாகரிகமானது. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நான் ஒரு 'கொமினிகேஷன்' வைத்திருந்தேன். முன்னால் டெலிபோன், போட்டோ கொப்பி. பின்னால் ஒரு டீவியும் அதில் மாட்டிய வீடியோ கேம் பெட்டியும். டெலிபோனுக்கு ஒட்டுப்பலகையில் ஒரு தடுப்பு. அதற்குள் மெதுவாகப் பேசினால் வெளியே கேட்காது. ஆனால் கொழும்புக்குப் பேசுகிறவர்கள் யாரும், ஐயா உட்பட, மெதுவாகப் பேசியதில்லை.

"டாக்டர்! நாந்தாங்க, ராகலையில இருந்து! காய்ச்சல் போயிருச்சுங்க, வாசனை இன்னும் வரலீங்க! பெட்ரோல மோந்தேன், வரல. கருவாட்ட மோந்தேன், வரல. டீ குடிச்சா சுடுதண்ணி குடிக்கிற மாதிரி இருக்குங்க! எத்தன மாசத்துல வரும்?... வராமலும் போகலாங்களா?"

ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"காதுல விழுந்துச்சா தம்பி?"

"இல்லீங்க ஐயா."

"அப்பறம் ஏன் எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிற?"

நான் ஒப்புக்கொண்டேன். ஸ்டோரில் கடிகாரத்தைப் பார்த்து உத்தேசமாக அடுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தாராம். அவர் வீட்டுக்காரம்மாவுக்கே சொல்லவில்லை. தோட்டத்துக்குத் தெரிந்தால் வேலை போகும், வேலையோடு குவார்ட்டர்ஸ் போகும், ஏறி வந்த லயத்துக்கே பெட்டி படுக்கையோடு இறங்க வேண்டும். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று சாமி படத்தின் மீது சத்தியம் செய்தேன்.

சத்தியத்தைக் காப்பது சுலபமாக இல்லை. அந்த வாரமே அந்தம்மா தங்கச்சிக்கு டெலிபோன் பேச வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "கல்யாணம் கட்டி இத்தன வருஷத்துல இப்பத்தான் இந்த மனுஷன் என் சமையலுக்கு ஒரு கொறை சொல்லாம சாப்புடுறாரு. நேத்து ரசத்துல உப்பே போடல, அதுக்கும் 'நல்லாருக்கு'ன்னுட்டாரு. திருந்திட்டாருடி!" நான் போட்டோ கொப்பி மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

இனி மோனாலிசா. என்னிடம் இருந்த கேம் சிடிகளில் ஒன்றை யாரும் தொடுவதில்லை. அதில் கார் இல்லை, துப்பாக்கி இல்லை. எழுத்தெல்லாம் ஜப்பானோ சீனமோ, அதுவும் தெரியாது. ஒரு சின்ன ஊர். அதில் நாம் பழம் பறிக்கலாம், மீன் பிடிக்கலாம். நாளுக்கு ஒரு தடவை கழுதை வண்டியில் ஒருவன் வந்து மூன்று ஓவியங்களை விரிப்பான். பழத்தைக் கொடுத்து ஒன்றை வாங்கலாம், ஒன்று விற்றதும் போய்விடுவான். எல்லாம் உலகப் புகழ் பெற்ற ஓவியங்கள். வாங்கியதை ஊர் நடுவே உள்ள மியூசியத்தில் கொடுத்தால், கண்ணாடி போட்ட ஒரு வழுக்கைத் தலைக் கிழவர் வாங்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்.

இங்கேதான் முதல் குழப்பம். ஆட்டுவது ஆமாவா, இல்லையா? அந்தத் தலை இடமும் வலமும் மெதுவாக ஆடும். நம் ஊரில் ரொட்டிக் கடைக்காரரிடம் "பாண் இருக்கா?" என்று கேட்டால் இருக்கிறது என்பதற்கு அப்படித்தான் ஆட்டுவார். ஆகவே கிழவர் என் ஓவியங்களை ஏற்றுக்கொள்கிறார் என்று நான் இரண்டு வாரமாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். மியூசியச் சுவர் காலியாக இருந்தது. அதை இனிமேல்தான் மாட்டுவார்கள் போலும் என்று நினைத்தேன்.

டாக்டரின் லைன் கிடைக்கக் காத்திருந்த ஒரு சாயங்காலம், ஐயா என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்தார்.

"அவன் வேணாங்கிறான் தம்பி."

"இல்லீங்க ஐயா, தலைய ஆட்டுறாரே?"

"ஆட்டிட்டு படத்தத் திருப்பிக் குடுக்குறான் பாரு. எங்க தொரை லீவு கடுதாசிய இப்படித்தான் குடுப்பாரு. ஆமா, ஏன் வேணாங்கிறான்?"

"தெரியலீங்க. போலியா இருக்குமோ?"

"எத வச்சு போலிங்கிறான்? கையில வாங்குனான், குடுத்துட்டான். வெளிச்சத்துல வச்சுப் பாத்தானா? பக்கத்துல அசல வச்சு ஒத்துப் பாத்தானா? என்னய்யா வேலை தெரியாத ஆளா இருக்கான்!"

டாக்டரின் லைன் வந்தது. ஐயா போகவில்லை. "அப்பறம் எடுக்குறேன்னு சொல்லு" என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினம் நாலரை மணிக்கு அவர் கடைக்கு வர ஆரம்பித்தார்.

முதல் காரியமாக டீவியை இடம் மாற்றச் சொன்னார். தேயிலை ருசி பார்க்கும் அறையில் ஜன்னல் வடக்குப் பார்த்து இருக்கும், வடக்கு வெளிச்சம்தான் பொய் சொல்லாது, எந்தச் சரக்கையும் அதில்தான் சோதிக்க வேண்டும் என்றார். என் கடையின் வடக்கு ஜன்னலருகே போட்டோ கொப்பி மெஷின் இருந்தது. அதை வாசலுக்கு நகர்த்தினோம். டீவி ஜன்னலுக்குப் போனது. வாடிக்கையாளர்கள் மெஷினை ஒருக்களித்துத் தாண்டி உள்ளே வந்தார்கள். எல்லாம் முடிந்து பார்த்தால், ஜன்னல் வெளிச்சத்தில் டீவியில் ஒன்றுமே தெரியவில்லை.

ஐயா அசரவில்லை. மறுநாள் ஒரு படங்கோடு வந்தார். கொழுந்து எடுக்கும் பெண்கள் மழைக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் பொலித்தீன் விரிப்பு அது. அதைப் போட்டு டீவியையும் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து மூடினார்.

"ஐயா, வெளிச்சத்தை மறைக்கிறதுக்கு எதுக்குங்க ஜன்னலுக்குக் கொண்டாந்தோம்?"

"மறைச்சாலும் அது வடக்கு வெளிச்சந்தான் தம்பி."

அன்று அடையாள அட்டைக்குக் கொப்பி எடுக்க வந்த ஓர் அம்மா, விரிப்புக்குக் கீழே நான்கு கால்களைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க என்ன ஆச்சு?" என்று நடுங்கிப்போனார்.

பழக்க தோஷத்தில் ஐயா திரையில் மூக்கை வைக்கப் போவார். பழைய டீவி, மின்சாரம் தேங்கி நிற்கும். அவருடைய மீசை முடிகள் ஒவ்வொன்றாக எழுந்து டீவியை நோக்கி நீளும். அவருக்கு அது தெரியாது. அப்படியே திரும்பி மீசை நிமிர்ந்த கோலத்தில், "இது நல்ல சரக்கு" என்பார். நான் சிரிப்பை அடக்க இருமுவேன்.

ஓவியங்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. மோனாலிசா ஒன்றைத்தான் நான் பிஸ்கட் டப்பாவில் பார்த்திருந்தேன். மற்றதற்கெல்லாம் ஐயாவே பெயர் வைத்தார். ஜாடியில் சூரியகாந்தி இருக்கும் படத்தை, வாடப்போட்ட கொழுந்தைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்து, "வாட்டு சரியா இருக்கு, இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டா அரைக்கலாம்" என்றார். இரவு வானம் சுழன்று சுழன்று இருக்கும் படம் 'காய்ச்சல்காரன் வானம்'. பாலத்தில் நின்று கன்னத்தில் கை வைத்து ஒருவன் அலறும் படத்துக்கு, "கொழும்பு ஏலத்துல தூள் போன வெலயக் கேட்டவன்" என்று பெயர்.

பெயர் வைப்பதில் இருந்த திறமை வாங்குவதில் இல்லை. கிழவர் வரிசையாகத் தலையை ஆட்டினார். மோனாலிசா விஷயத்தில் ஐயாவின் பிடிவாதம் சொல்லி மாளாது. வண்டிக்காரன் மூன்றையும் மோனாலிசாவாகவே கொண்டு வரும் நாட்கள் உண்டு. ஒருத்தி வெறும் கையோடு இருப்பாள். இன்னொருத்தி வெறும் கைதான், ஆனால் பல் தெரியச் சிரிப்பாள். மூன்றாமவள் கையில் ஒரு மெல்லிய வளையல் இருக்கும். ஐயா ஒவ்வொரு தடவையும் வளையல்காரியைத்தான் எடுத்தார்.

"ஐயா, போன தடவையும் இதத்தான் எடுத்தோம். திருப்பிட்டாரே."

"அவனுக்கு என்ன தெரியும்? படம் பிடிக்கப் போற பொம்பள கையில காதுல ஒண்ணும் போடாமயா உக்காருவா? பக்கத்து வீட்டுல எரவல் வாங்கியாவது போட மாட்டாளா? எங்க வீட்டுல ஐடென்டி கார்டு போட்டோவுக்கே அட்டியல் போட்டுச்சு!"

நியாயமாகத்தான் பட்டது. நான்கு தடவை பட்டது. நான்கு தடவையும் கிழவர் திருப்பிக் கொடுத்தார்.

திருப்பம் வேறொரு படத்தில் வந்தது. அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள் குனிந்து எதையோ பொறுக்குகிறார்கள். வண்டிக்காரன் விரித்த மூன்றில் இரண்டு அதே படம். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. ஐயா மூக்கை வைக்கவில்லை. ஒரு விரலை மட்டும் நீட்டினார்.

"இது போலி."

"எப்படிங்க?"

"மூணு பொம்பளைங்க குனிஞ்சு வேலை செய்றாங்க. மேப்பார்க்க ஒருத்தன் இல்லாம இருப்பானா? உலகத்துல அப்படி ஒரு தோட்டம் உண்டா? அந்தப் படத்துல பாரு, அந்தா தூரத்துல, குதிரை மேல. கங்காணி."

பார்த்தேன். வலது ஓரத்தில், கடுகளவில், குதிரை மேல் ஒருவன் இருந்தான். மற்றதில் இல்லை. குதிரைக்காரன் இருந்ததை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தோம். கிழவர் வெகுநேரம் பார்த்தார். தலை மேலும் கீழுமாக ஆடியது. ஒரு மணி அடித்தது. படம் சுவரில் ஏறியது. விரிப்புக்குள் இரண்டு பேரும் எழுந்து நிற்க, ஜன்னல் கம்பியில் மாட்டி விரிப்பு கிழிந்தது.

அதன் பிறகு ஐயா பார்க்கும் விதமே மாறிவிட்டது. மீசை எழும்பும் தூரத்துக்குப் போவதில்லை. இரண்டடி தள்ளி உட்கார்ந்து கண்ணை ஓட்டுவார். "இந்த அலையில நேத்து மூணு படகு இருந்துச்சு, இன்னிக்கு ரெண்டுதான்" என்பார். சுவரில் ஒவ்வொன்றாக ஏறி, பதினேழு படங்கள் ஆயின. மிச்சம் இருந்தது மோனாலிசா மட்டும்.

அதற்குள் ஸ்டோரில் நிலைமை கெட்டிருந்தது. தூள் கொழும்பு ஏலத்தில் இரண்டு தடவை மட்டமாகப் பேசப்பட்டுவிட்டது. துரைக்குச் சந்தேகம். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து ருசி பார்க்கிற ஒருவர் வருகிறார் என்றும், பன்னிரண்டு கோப்பைகளை வரிசையாக வைத்து அவரும் ஐயாவும் சேர்ந்து ருசி சொல்ல வேண்டும் என்றும் உத்தரவு. சனிக்கிழமை சாயங்காலம் ஐயா வந்தபோது முகத்தில் களையே இல்லை. வண்டிக்காரன் மூன்று மோனாலிசாவை விரித்தான்.

"ஐயா, எதை எடுக்கட்டும்?"

மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "என் மனசு இப்பவும் வளையல் போட்டவளத்தான் சொல்லுது" என்றார். "அதனால அவள எடுக்காத. பல்லக் காட்டுறவளும் வேணாம். வெறுங்கையோட சும்மா உக்காந்திருக்கா பாரு, அவள எடு."

மணி அடித்தது. கடைசிப் படமும் சுவரில் ஏறியது. நான் கை தட்டினேன். ஐயா தட்டவில்லை. கண் கலங்கியிருந்தது.

"தம்பி, அந்த வழுக்கையன் இல்லாத ஊருல நான் அசலுன்னு பேரு ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆறு மாசமா போலிச் சரக்கு நான்தான்."

"அப்படிச் சொல்லாதீங்க ஐயா" என்றேன்.

திங்கட்கிழமை கோப்பைகளில் வெந்நீர் ஊற்றுவதற்கு முன்பே ஐயா துரையிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அன்று மாலை கடைக்கு வந்தார்.

"தொரை என்ன சொன்னாருங்க?"

"தலைய ஆட்டுனாரு."

"எப்படி ஆட்டுனாரு? இப்படியா, அப்படியா?"

"அதான் வெளங்கல தம்பி."

இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள். அதுவரை கொழுந்து வாடும் மாடியிலும் தூள் சலிக்கும் இடத்திலும் கண்ணால் செய்யும் வேலை. மூன்று மாதத்தில் மூக்கு திரும்பாவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். வீட்டுக்காரம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர் முதலில் அழுதாராம், பிறகு "அப்ப அந்த ரசம்?" என்று கேட்டாராம்.

மூன்று மாதமும் ஐயா நாலரைக்கு வந்தார். வாங்குவதற்கு இனி ஒன்றுமில்லை. மியூசியத்துக்குள் அந்தச் சின்ன மனிதனை நடக்கவிட்டு, பதினெட்டுப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போவார். பேச்சு குறைந்துவிட்டது. கடைசி வாரம், பெட்டி கட்டக் கயிறு எங்கே மலிவு என்று என்னிடம் கேட்டார். கயிறு எங்கும் கிடைக்காது என்று பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கயிறு இல்லாவிட்டால் போகமாட்டார் என்று நினைத்திருப்பேன்.

அதற்கு மறுநாள். வெளியே மழை. நான் யாருக்கோ கொப்பி எடுத்து முடித்து அனுப்பிவிட்டுத் திரும்பினேன். ஐயா கேம் ரிமோட்டை மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, கொப்பி மெஷின்ல ரப்பர் கருகுதா?"

"இல்லீங்களே ஐயா."

"ரப்பர் இல்ல. இரு. வயரு. வயரு மேல தூசி. தூசிக்குக் கீழ..." கண்ணை மூடிக்கொண்டார். "தூசிக்குக் கீழ பழைய ஈயம். லேசா எலிப் புழுக்கை."

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம். டீவியின் முதுகிலிருந்து நூல் போல் புகை எழுந்துகொண்டிருந்தது. திரையில் மியூசியச் சுவரின் மூன்றாவது வரிசைப் படங்கள் ஏற்கனவே நெளிய ஆரம்பித்துவிட்டன. டீவியும் என்னுடையது, பெட்டியும் என்னுடையது, கடையும் என்னுடையது. நான் பாய்ந்து பிளக்கைப் பிடித்துவிட்டேன்.

"கொஞ்சம் இருப்பா" என்றார் ஐயா. கன்னத்தில் தண்ணீர் வழிய, மூக்கை மேலே தூக்கி, நிதானமாக, நெஞ்சு நிறைய இழுத்தார். "இன்னும் கொஞ்சம் எரியட்டும்."

நான் பிளக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் ஆசை தீரும்வரை பக்கத்திலேயே நின்றேன்.